டோக்கியோ லைவ் ஹவுஸ்களில் ஒரு வாரம்: முன்பதிவு முதல் கடைசி ரயில் வரை

டோக்கியோவுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் தங்கி, தினம் ஒரு இண்டி பேண்டையோ நாய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது), இம்ப்ரோவைசேஷன் (மேடையிலேயே உருவாக்கி வாசிப்பது) கச்சேரியையோ கேட்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். அந்த ஊரில் நல்ல இசையைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையில்லை. எந்த வியாழக்கிழமை மாலையிலும் லைவ் ஹவுஸ் எனப்படும், நூறு பேர் நிற்கக்கூடிய நிலவறை அரங்குகளில் டஜன் கணக்கில் கச்சேரி நடக்கும். புதிதாய்ப் போகிறவர்கள் திணறுவது வாசலுக்கு வெளியேதான். ஜப்பானிய போன் நம்பர் கேட்கும் டிக்கெட் தளம், கையில் இல்லாத சில்லறை, தவறான ரயில் என்று காரணங்கள் எல்லாம் சில்லறைத்தனமானவை. முன்கூட்டியே தெரிந்தால் எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

1. விசா: அவசரமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோ மலேசியாவின் சில்லு பதித்த பாஸ்போர்ட்டோ இருந்தால் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். இந்திய பாஸ்போர்ட் என்றால் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் விஎஃப்எஸ் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் 2024 முதல் இந்தியர்களுக்கு இ-விசாவும் கிடைக்கிறது.

தயார் செய்ய வேண்டியவை: பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், புகைப்படம், விமானப் பயண விவரம், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல், எந்த நாள் எங்கே என்று எழுதிய பயண அட்டவணை. பலர் சறுக்குவது இந்தக் கடைசித் தாளில்தான். 'டோக்கியோ, டோக்கியோ, டோக்கியோ' என்று ஏழு வரி எழுதிக் கொடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு வரி என்றாலும் வட்டாரத்தின் பெயர், தங்குமிட முகவரி, 'மாலையில் இசை நிகழ்ச்சி பார்ப்பது' என்று தெளிவாக இருக்கட்டும். விண்ணப்பத்திலும் விமானச் சீட்டிலும் தங்குமிடப் பதிவிலும் உள்ள தேதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஒரு முறை நுழைவதற்கான விசா, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதனால் ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்து வைக்க முடியாது. சின்ன அரங்குகளோ தங்கள் மாத நிரலை ஒன்று அல்லது இரண்டு மாதம் முன்னால்தான் முழுமையாக வெளியிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கிளம்புவதற்கு ஆறேழு வாரம் இருக்கும்போது விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். விசா வருவதற்கும் நிரல் வெளியாவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரமாகும். கட்டணம் ஏப்ரலில் மாறக்கூடும். விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் தனி.

நீங்களே வாசிப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை: சுற்றுலா விசாவில் போய் பணம் வாங்கிக்கொண்டு மேடையேறக் கூடாது. அதற்கு வேறு விசா.

2. எந்த வட்டாரத்தில் என்ன

டோக்கியோவை ஒரே ஊராக நினைத்துத் திட்டம் போட்டால் பாதி நேரம் ரயிலில் போய்விடும். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஷிமோகிதாஸாவா: கிட்டார் பேண்டுகளின் பேட்டை. 1991இல் தொடங்கிய ஷெல்டர், ஒரே கட்டடத்தில் அக்கம்பக்கமாக இருக்கும் பேஸ்மென்ட் பார், த்ரீ, இன்னும் பல அரங்குகள், எல்லாம் நடந்தே போகும் தூரம். முதல் நாளுக்கு இதைவிடத் தோதான இடமில்லை. ஒன்றில் டிக்கெட் தீர்ந்தாலும் அடுத்த கதவைத் தட்டலாம்.

கோஎன்ஜி: சைக்கடெலிக், பங்க், எந்த வகைக்குள்ளும் அடங்காதவை. ஷோபோட், யூஎஃப்ஓ கிளப், ஹை ஆகியவை இங்கே.

ஷிபுயா: டபிள்யூடபிள்யூடபிள்யூ, அதன் பெரிய அண்ணன் டபிள்யூடபிள்யூடபிள்யூ எக்ஸ், ஓ-ஈஸ்ட் குழும அரங்குகள். வெளிநாட்டு எக்ஸ்பெரிமென்டல் (பரிசோதனை இசை) கலைஞர்கள் வந்தால் பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட் விலையும் மற்ற இடங்களைவிட அதிகம்.

ஷின்ஜுகு: 1976இல் தொடங்கி 1999இல் கபுகிச்சோவுக்கு இடம் மாறிய லாஃப்ட்; 1965 முதல் நடக்கும் ஜாஸ் அரங்கான பிட் இன். பிட் இன் பெயருக்கு ஜாஸ் அரங்கு என்றாலும் நாய்ஸ், இம்ப்ரோவைசேஷன் கலைஞர் ஓதொமோ யோஷிஹிதே மாதிரி ஆட்கள் வாசிக்கும் இடம். சில நாட்களில் பிற்பகல் 2:30க்கு ஒரு அமர்வும் உண்டு. மாலை அமர்வைவிட மலிவு. ஒரே நாளில் இரண்டு கச்சேரி கேட்க நினைப்பவர்களுக்கு வசதி.

தனித்தனியாகச் சிதறிக் கிடப்பவை: சுய்தோபாஷியில் ஃப்தாரி (இசைத்தட்டுக் கடையே கச்சேரி அரங்கு, முப்பது பேர் வந்தால் நிறைந்துவிடும்), ஒச்சியாயில் சூப், ஹதகாயாவில் ஃபாரெஸ்ட்லிமிட். எக்ஸ்பெரிமென்டல் பக்கம் மனது சாய்கிறவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது இந்த மூன்றுக்கும் ஒதுக்குங்கள்.

பழைய பயணக் கட்டுரைகளை நம்பிக் கிளம்பாதீர்கள். ரொப்போங்கியின் சூப்பர்டீலக்ஸ் இன்றும் பல பட்டியல்களில் முதல் இடத்தில் இருக்கிறது. அது ஜனவரி 2019இலேயே மூடிவிட்டது. எந்த அரங்கானாலும் அதன் சொந்தத் தளத்தில் நடப்பு மாத நிரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கவும். ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்கு டோக்கியோ கிக் கைட் நல்ல தொடக்கம். ஆனால் கடைசி நேர மாற்றங்கள் அரங்கின் எக்ஸ் பக்கத்திலோ இன்ஸ்டாகிராமிலோதான் வரும்.

தங்குமிடத்தை ஷின்ஜுகு சுற்றுவட்டாரத்திலோ கோஎன்ஜியிலோ எடுங்கள். மேலே சொன்ன இடங்களில் பாதிக்கும் மேல் ஷின்ஜுகுவிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம். அசகுசாவில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் தினமும் இரவு பத்தரைக்கு ஊரைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டியிருக்கும்.

3. அறிவிப்பில் என்ன பார்க்க வேண்டும்

எந்த அறிவிப்பிலும் ஐந்து விஷயம் இருக்கும்: ஓபன் நேரம், ஸ்டார்ட் நேரம், முன்பதிவு விலை (மாஎஉரி), அன்றைய விலை (தோஜித்ஸு), அதன் பக்கத்தில் 'டிரிங்க் தனி' என்ற குறிப்பு.

ஓபன் 18:30, ஸ்டார்ட் 19:00 என்று போட்டிருந்தால் ஏழு மணிக்கு முதல் ஆள் மேடையில் இருப்பார். நம்ம ஊர் கணக்கில் 'ஏழு என்றால் எட்டு' என்று போனால் ஒரு பேண்டு முடிந்திருக்கும். மூன்று, நான்கு பேண்டுகள் வாசிக்கும் டைபான் இரவுகளில் ஆளுக்கு 30 முதல் 40 நிமிடம், இடையில் மேடை மாற்ற 15 நிமிடம். ஒன்பதரை, பத்துக்கு எல்லாம் முடிந்துவிடும். சனி, ஞாயிறுகளில் மாலை ஐந்துக்கோ நண்பகலிலோகூடத் தொடங்குவதுண்டு. நேரத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். 'ஒன்மேன்' என்றிருந்தால் ஒரே பேண்டு, முழு நீளக் கச்சேரி. நாய்ஸ் கலைஞர் ஹைனோ கேஜி மாதிரி ஆட்களின் தனிக் கச்சேரி இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், எப்போது முடியும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

'நகேசென்' என்று விலைக்குப் பதிலாக எழுதியிருந்தால் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். கச்சேரி முடிந்ததும் தொப்பியோ கூடையோ சுற்றி வரும். ஆயிரம் யென்னுக்குக் குறையாமல் போடுவது மரியாதை. குடிக்க ஒன்று வாங்குவது அதற்கு மேல் தனி.

4. இடம் பிடிப்பது

இதற்கு மூன்று வழி. சின்ன அரங்குகளுக்கு முதல் வழியே போதும், அதுதான் எளிதும்கூட.

முதல் வழி, தோரியோகி. பேண்டுக்கோ அரங்குக்கோ 'எனக்கு ஒரு இடம் எடுத்து வையுங்கள்' என்று செய்தி அனுப்புவது. பணம் முன்னால் கட்ட வேண்டியதில்லை. வாசலில் முன்பதிவு விலையைக் கொடுத்தால் போதும். அன்றைய விலையைவிட வழக்கமாக 500 யென் மிச்சம். செய்தியில் ஐந்து விவரம் தேவை: தேதி, அரங்கின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், உங்கள் பெயர் (ஜப்பானியக் கதகானா எழுத்தில்), எத்தனை பேர். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஜப்பானிய மொழியிலேயே அனுப்புங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பதில் ஒன்றிரண்டு நாளில் வரும். பதில் வராமல் 'அனுப்பியாச்சு, போதும்' என்று போகக் கூடாது. நிகழ்ச்சிக்கு முந்தைய இரவுக்குள் பதில் இல்லை என்றால் அரங்கின் முன்பதிவுப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

போக முடியாமல் போனால் கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள். பல லைவ் ஹவுஸ்களில் பேண்டுக்கு இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, 'நோர்மா' என்பார்கள். 2,000 யென் டிக்கெட் 15 என்று பேசியிருந்தால் 30,000 யென். குறைகிற தொகையை வாசிப்பவர்களே கையிலிருந்து கட்ட வேண்டும். உங்களுக்கு எடுத்து வைத்த இடம் காலியாகக் கிடந்தால் நட்டம் அவர்களுக்கு.

இரண்டாம் வழி, வெளிநாட்டு அட்டையை ஏற்கும் தளங்கள். ஸைகோ, பீடிக்ஸ் இரண்டிலும் ஆங்கிலப் பக்கம் உண்டு. மின்னஞ்சல் இருந்தால் கணக்குத் தொடங்கலாம், கியூஆர் டிக்கெட் போனுக்கே வரும். எக்ஸ்பெரிமென்டல் நிகழ்ச்சிகளுக்கு இவை பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு நிகழ்ச்சிக்குப் பல தளங்களில் டிக்கெட் விற்றால் முதலில் இவற்றைத் தேடுங்கள்.

மூன்றாவது, இபிளஸ், பியா, லோசன் டிக்கெட் ஆகிய பெரிய தளங்கள். ஷிபுயாவின் பெரிய அரங்குகளுக்கு இவை தவிர்க்க முடியாதவை. புதியவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். கணக்குத் தொடங்க ஜப்பானிய மொபைல் நம்பருக்குக் குறுஞ்செய்தியோ அழைப்போ வரும். விமான நிலையத்தில் வாங்கும் டேட்டா மட்டும் உள்ள இ-சிம்மில் நம்பரே இருக்காது, அதனால் அது உதவாது. அங்கே நண்பர் இருந்தால் அவர் கணக்கில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அரங்குக்கே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் வாசலில் எடுத்து வைக்கும் அரங்குகள் பல உண்டு. சில வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிக்கு இபிளஸ் தனி ஆங்கிலப் பக்கம் திறக்கும். அதில் ஜப்பானிய நம்பர் கேட்பதில்லை.

கணக்கு கிடைத்துவிட்டால் கவனிக்க வேண்டியவை:

— பொது விற்பனை பெரும்பாலும் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கும். இந்திய நேரம் காலை 6:30.
— அதற்கு முன்பே குலுக்கல் முறையில் ஒரு சுற்று போகும். விண்ணப்பித்துப் பெயர் வந்துவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. இரண்டு நாளுக்கும் போட்டு வைப்போம் என்று விளையாடாதீர்கள்.
— கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கெடு சில நாட்களே. கெடு தாண்டினால் டிக்கெட் தானாக ரத்து.
— லோசன் டிக்கெட்டை லோசன் கடையில் உள்ள லோப்பி இயந்திரத்தில் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் அதே எண்ணைத் தட்டிப் பயனில்லை.
— டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம், அச்சுக் கட்டணம் என்று சில நூறு யென் சேரும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். இனிஷியல் மட்டும் போட்டால் ஏற்காது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் சொந்தப் பெயரை இரண்டு கட்டத்திலும் போடலாம். பெயரிலேயே இரண்டு சொல் இருந்தால் பிரித்துப் போடலாம். அடையாள அட்டை பார்க்கும் பெரிய நிகழ்ச்சி என்றால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். தோரியோகிக்கு இந்தக் கவலை இல்லை: 'பாலசுப்பிரமணியன்' என்பதைக் கதகானாவில் எழுதி வாசல் ஊழியரைத் திணற வைப்பதைவிட 'பாலா' என்று கொடுப்பது இருவருக்கும் நல்லது. இன்னொன்று: கதகானாவில் முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு வகை உண்டு. படிவம் சிவப்பில் பிழை காட்டிக்கொண்டே இருந்தால் நீங்கள் அரை அகலத்தில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

தீர்ந்துபோன டிக்கெட்டுக்கு வெளியாரிடம் அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள். மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஜூன் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது, அப்படி வாங்கிய டிக்கெட் வாசலில் செல்லாமல் போகலாம். அதிகாரபூர்வ மறுவிற்பனை இருந்தால் அந்தத் தளத்திலேயே வரும்.

5. எவ்வளவு பணம், எந்த வடிவில்

சின்ன அரங்கில் ஒரு இரவுக்கான கணக்கு: டிக்கெட் 2,500 முதல் 3,500 யென் வரை, டிரிங்க் 600, ரயில் போக வர 500. சராசரியாக 4,100 என்று வைத்தால் ஆறு இரவுக்கு 24,600 யென். இசைத்தட்டு, கேசட், டி-ஷர்ட் இதில் சேராது, உண்மையில் பர்ஸைக் கரைப்பவை அவைதான்.

அந்த 600 யென் டிரிங்க் கட்டணம் விருப்பத்துக்கு உரியதல்ல. குடிக்காதவரும் கட்ட வேண்டும். லைவ் ஹவுஸ்கள் பெரும்பாலும் உணவகமாகப் பதிவு செய்து நடத்தப்படுபவை. ஆகவே உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பானம் விற்றாக வேண்டும். தண்ணீர் பாட்டில், ஊலாங் டீ, ஆரஞ்சு ஜூஸ் எதுவும் வாங்கலாம். வாதாடினால் பின்னால் நிற்கும் வரிசைதான் நீளும்.

டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் டிரிங்க் பணம் வாசலில் ரொக்கமாகத்தான். 1,000 யென் தாள் ஐந்தாறு, 500 யென் நாணயம் ஒன்றிரண்டு, 100 யென் நாணயம் பத்து — தினமும் மாலை கிளம்பும்போது இவை பையில் இருக்கட்டும். பத்தாயிரம் யென் தாளை நீட்டினால் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் கல்லாவைத் துழாவுவார்கள். நூறு யென் நாணயங்கள் லாக்கருக்கும் வேண்டும். பல லாக்கர்கள் வேறு எதையும் விழுங்காது. இந்திய அட்டையில் பணம் எடுக்க செவன்-இலெவன் கடைகளில் உள்ள செவன் பேங்க் ஏடிஎம் நம்பகமானது. கிளம்புமுன் உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்தீர்களா என்று பாருங்கள்.

ரயிலுக்கு, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் வெல்கம் சுய்கா அட்டை போதும். அட்டைக்கென்று தனி முன்பணம் கிடையாது, 28 நாள் செல்லும். மீதிப் பணம் திரும்ப வராது, ஆகவே கடைசி நாட்களில் கொஞ்சமாக நிரப்புங்கள். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் சுய்காவை ஏற்றலாம் என்று நம்பி இருக்காதீர்கள். அதற்கான சில்லு பெரும்பாலான போன்களில் இல்லை.

6. போய்ச் சேருவது

வரைபடச் செயலி காட்டும் வழி சரியாகத்தான் இருக்கும். ஆனால் நிலையத்தில் இறங்கி அவசரத்தில் ஏறும்போது தவறு நடக்கிறது. அடிக்கடி நடக்கும் நான்கு:

கோஎன்ஜிக்கு வார நாட்களில் ஷின்ஜுகுவிலிருந்து ஆரஞ்சுப் பட்டை போட்ட சூஓ விரைவு ரயில் நிற்கும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் அதே ரயில் நிற்காமல் போய்விடும். அன்றைக்கு மஞ்சள் பட்டை போட்ட சூஓ-சோபு சாதாரண ரயிலில் ஏற வேண்டும். நீங்கள் கோஎன்ஜிக்குப் போவதே பெரும்பாலும் சனிக்கிழமையாக இருக்கும் என்பதால் இதை மறக்காதீர்கள்.

யூஎஃப்ஓ கிளப் 'கோஎன்ஜியில்' இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பக்கத்து நிலையம் ஜேஆர் கோஎன்ஜி அல்ல, மருனோஉச்சி சுரங்கப்பாதையின் ஹிகாஷி-கோஎன்ஜி.

ஹதகாயாவின் ஃபாரெஸ்ட்லிமிட்டுக்கு ஷின்ஜுகுவில் 'கேயோ' என்ற பலகையைப் பார்த்தவுடன் ஏறிவிடாதீர்கள். கேயோ லைன் வேறு, கேயோ நியூ லைன் வேறு. ஹதகாயாவில் நிற்பது நியூ லைன். அதன் நடைமேடை இன்னும் ஆழத்தில், தனிப் பக்கத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

ஷிபுயாவில் ஓ-ஈஸ்ட், ஓ-வெஸ்ட், ஓ-கிரெஸ்ட், ஓ-நெஸ்ட் எல்லாம் ஒரே தெருவைச் சுற்றி இருப்பவை. டிக்கெட்டில் உள்ள பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். ஷின்ஜுகுவிலும் லாஃப்ட் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு.

பெரும்பாலான அரங்குகள் நிலவறையில் இருக்கும். வெளியே தெரிவது ஒரு குறுகிய படிக்கட்டும் சாக்பீஸால் அன்றைய பெயர்களை எழுதிய சின்னப் பலகையும்தான். சுவரில் பழைய ஸ்டிக்கர்கள் அப்பிக் கிடந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

சாப்பாட்டை ஐந்தரை, ஆறுக்குள் முடித்துவிடுங்கள். உள்ளே பெரும்பாலும் உணவு கிடைக்காது, முடிந்து வெளியே வரும்போது சைவச் சாப்பாடு தேடுவது பெரும்பாடு.

7. வாசலில் நடப்பது

டிக்கெட்டில் ஒரு வரிசை எண் இருக்கலாம். அப்படியானால் ஓபன் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். ஊழியர் ஐந்தைந்தாகவோ பத்துப் பத்தாகவோ எண்ணைக் கூப்பிட்டு உள்ளே விடுவார். எண் 12 வைத்திருந்தும் தாமதமாக வந்தால் கடைசியில்தான் போக வேண்டும். ஜப்பானிய எண்கள் காதில் பிடிபடவில்லை என்றால் டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவரே கைகாட்டிவிடுவார்.

மேசையில் தோரியோகி என்றால் 'தோரியோகி நோ பாலா தெஸு' என்ற ஒரு வாக்கியம் போதும். உடனே ஒரு கேள்வி வரும்: இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்? இது அரட்டை அல்ல. நீங்கள் சொல்லும் பேண்டின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார்கள். நோர்மா கணக்கும் பங்குத் தொகையும் அந்தக் கோடுகளை வைத்துத்தான். இடம் எடுத்து வைத்த பேண்டின் பெயரைச் சொல்லுங்கள். 'எல்லோரையும்' என்று சொன்னால் யாருக்கும் கோடு விழாமல் போகலாம். குறிப்பாக யாரும் இல்லையென்றால், பெரிய பேண்டை விட்டுவிட்டு முதலில் வாசிக்கும் பெயர் தெரியாத பேண்டைச் சொல்வது நல்லது என்பது எங்கள் கட்சி.

பணம் கட்டியதும் டிரிங்குக்கு ஒரு சீட்டோ நாணயமோ தருவார்கள். அதை உடனே மாற்றிக்கொள்ளுங்கள். இடைவேளையில் எல்லோரும் ஒன்றாய் வருவார்கள். மது கேட்டால் வயதுக்கு ஆதாரம் கேட்கலாம்: வயதுவந்தோர் வயது 18 ஆகிவிட்டாலும் மதுவுக்கு 20தான். பாஸ்போர்ட் நகல் செல்லாது. வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே எப்படியும் பையில் இருக்கும்.

வெளியே போய்த் திரும்ப வரலாமா என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் அனுமதியே இல்லை. சில இடங்களில் ஒவ்வொரு முறையும் இன்னொரு 600 யென்.

8. உள்ளே

பெரிய முதுகுப்பையை லாக்கரில் போடுங்கள். அரங்கில் லாக்கர் நிறைந்துவிட்டால் நிலையத்தில் உண்டு. ஆனால் ஆறு மணிக்கு மேல் ஷிபுயா நிலையத்தில் காலி லாக்கர் தேடுவது வீண்வேலை.

இயர் பிளக் இல்லாமல் நாய்ஸ் கச்சேரிக்குப் போகாதீர்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் அளவுகோல். தாழ்ந்த கூரையுள்ள நிலவறையில் இரண்டு ஆம்ப் அடுக்கு முன்னால் நின்றால் அந்த அளவை எளிதாகத் தாண்டும். தொடர்ந்து ஆறு இரவு என்னும்போது முதல் இரவின் அலட்சியம் மீதி ஐந்தையும் கெடுக்கும். பஞ்சு வகையைவிட, எல்லா அலைவரிசையையும் ஒரே மாதிரி குறைக்கும் இசைக்கான வகையை வாங்குங்கள். சொற்களும் சிம்பல் ஓசையும் தெளிவாகக் கேட்கும்.

ஃப்தாரி போன்ற இடங்களில் சிக்கல் நேர் எதிர். அங்கே இரண்டு நிமிடம் ஓசையே இல்லாமல் போகும். அதுவும் இசையின் பகுதி. கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டி நகர்ந்தால் அறை முழுக்கக் கேட்கும். நைலான் ஜாக்கெட்டை முன்னரே கழற்றி மடியில் வையுங்கள். போனை வைப்ரேஷனில் வைத்தால் போதாது, அணைத்துவிடுங்கள். குளிர்பானம் என்றால் ஐஸ் இல்லாமல் கேளுங்கள். வாசிப்பவர் கையை இறக்கி நிமிர்ந்து பார்க்கும்வரை கைதட்ட வேண்டாம்.

படம் எடுக்கலாம் என்று எழுதி ஒட்டியிருந்தாலோ மேடையில் சொன்னாலோ தவிர, கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ராக் கச்சேரிகளிலும் பாட்டின் நடுவே பேச்சு அரிது. யாரும் ஆடவில்லையே, பிடிக்கவில்லையோ என்று நினைக்க வேண்டாம்; அசையாமல் நின்று கேட்டவர்தான் முடிந்ததும் விற்பனை மேசையில் மூன்று கேசட் வாங்குவார்.

9. இரவு திரும்புவது

கடைசி ரயில் வழித்தடத்தைப் பொறுத்து ஏறக்குறைய நள்ளிரவுக்கும் 12:30க்கும் இடையில். மறுபடி தொடங்குவது அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கு. சாதாரணக் கச்சேரி பத்துக்குள் முடிந்துவிடும், அவசரம் இல்லை. இரவு முழுக்க நடக்கும் நிகழ்ச்சி என்றால் காலை முதல் ரயில்வரை உள்ளேயே இருப்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். நுழைவுக்கு 20 வயது, அசல் பாஸ்போர்ட். நடுவில் களைத்துப்போய் டாக்ஸி எடுத்தால் தொடக்கக் கட்டணம் (நவம்பர் 2022இல் வைத்தபடி) 1.096 கி.மீ.க்கு 500 யென், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 20 சதவீதம் கூடுதல். கோஎன்ஜியிலிருந்து அசகுசாவரை என்றால் இரண்டு மூன்று கச்சேரிக்கான டிக்கெட் காசு போய்விடும்.

முடிந்ததும் வாசலில் கூடி நின்று பேசாதீர்கள். மேலே குடியிருப்புகள். அக்கம்பக்கத்துப் புகார்தான் சின்ன அரங்குகளுக்கு நிரந்தரத் தலைவலி.

ஒரு வாரத்தில் ஐந்து அல்லது ஆறு இரவுக்கு மேல் போடாதீர்கள். வந்து இறங்கிய இரவுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். விமானம் தாமதமானால் பணமும் போகும், உங்களுக்காக வைத்த இடமும் வீண். நடுவில் ஒரு இரவைக் காலியாக விடுங்கள். உள்ளே நுழையும்போது கையில் திணிக்கும் துண்டறிக்கைக் கட்டில் ஆன்லைனில் கண்ணில் படாத ஒரு கச்சேரி எப்படியும் இருக்கும். அதற்குத்தான் அந்த இரவு.

10. வாங்கியதைக் கொண்டுவருவது

விற்பனை மேசையில் பெரும்பாலும் ரொக்கம்தான். சிடி-ஆர், கேசட் ஆகியவற்றுக்கு ஆயிரம் யென் தாள்களாகவே கொடுங்கள். ஜப்பானிய க்யூஆர் பணச் செயலிகளை நம்பி இருக்க வேண்டாம். டிஸ்க் யூனியன் போன்ற கடைகளில் வாங்கும் எல்பி தட்டுகளுக்குத் தகுதியான தொகை சேர்ந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு வரிவிலக்கு உண்டு, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 1 நவம்பர் 2026 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு முழு விலையும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சரிபார்த்தபின் திரும்பப் பெற வேண்டும். அப்போது கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள்.

எல்பி தட்டின் உறை 31 செ.மீ. சதுரம். சாதாரணக் கைப்பெட்டியில் குறுக்கே நுழைகிறதா என்று வீட்டிலேயே ஒரு அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள். தட்டை உறையிலிருந்து எடுத்து அதன் பின்புறமாகத் தனியே வைத்து, வெளி பிளாஸ்டிக்கில் போட்டால் உறையின் ஓரம் கிழியாது. செக்-இன் பெட்டியில் போடுவதானால் துணிகளின் நடுவே படுக்கை வாட்டத்தில் வைக்காமல் பெட்டியின் தட்டையான முதுகை ஒட்டி நிறுத்தி வையுங்கள். சென்னை வெயிலில் வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். அரை மணி நேரத்தில் தட்டு வளைந்துவிடும்.